சீலிங்கில் ஒரு மேடு

மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக நுழைந்த சாயங்கால வெளிச்சம் சீலிங்கைத் தடவிக்கொண்டு போனபோதுதான் அந்த மேடு தெரிந்தது. மத்தியானம் வரை இல்லாத மேடு. ஹாலின் நடுவில், ஜிப்சம் பலகையும் பலகையும் முட்டிக்கொள்ளும் இடத்தில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், போர்வைக்குள் யாரோ நீட்டிப் படுத்திருப்பது போல இருந்தது.

ஏணி உச்சியில், பட்டிமாவு பூசும் தகடும் கையுமாக நின்றிருந்த பூதக்கண்ணாடி தலையைச் சாய்த்து அதை மறுபடி பார்த்தார்.

பூதக்கண்ணாடி என்பது அவர் வேலை பார்க்கும் சட்டைத் தொழிற்சாலையில் வைத்த பெயர். தைத்து முடித்த சட்டைகள் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். தையல் எங்கே கோணியிருக்கிறது, பொத்தான் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. அதில் கெட்டிக்காரர். சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் மணி அடித்ததும் கண்ணைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வர முடியாது. ஸ்டிக்கர் சுருளையாவது வைத்துவிட்டு வந்திருக்கலாம். அதுவும் சட்டைப்பையில் கூடவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"என்ன, அப்படியே நின்னுட்டீங்க?" என்றாள் மனைவி கீழேயிருந்து.

"ஒண்ணுமில்ல. காயுதான்னு பாக்குறேன்."

"அது பாட்டுக்குக் காயட்டும். அண்ணன் ஃபோன் பண்ணுச்சு. ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம்."

ஏணி லேசாக ஆடியது.

"எந்த அண்ணன்?"

"எனக்கு என்ன ஊர் பூரா அண்ணனா இருக்கு?"

ஒரே அண்ணன்தான். அவரை நினைத்துத்தான் பூதக்கண்ணாடிக்கு ஏணி ஆடியது.

சில மாதம் முன்னால் அந்த மச்சான் புது வீடு கட்டி, சொந்தக்காரர்களையெல்லாம் அழைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து ஆளாளுக்கு ஹாலில் சாய்ந்திருந்த நேரம். பூதக்கண்ணாடியும் மல்லாந்து படுத்தார். படுத்தவர் தூங்கித் தொலைத்திருக்கலாம். சீலிங்கைப் பார்த்தார். "என்ன மச்சான், ஜாயின்ட் இப்படித் தூக்கிக்கிட்டு நிக்குது?" என்றார். அதோடு விட்டிருந்தால் மச்சான்-மாப்பிள்ளை கேலி என்று போயிருக்கும். எழுந்து, நாற்காலியைப் போட்டு ஏறி, பையிலிருந்த சுருளை எடுத்து, மேடு நெடுகச் சிவப்பு அம்புகளை ஒட்டிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் "ரிஜெக்ட்" என்று சத்தமாகச் சொல்லவும் செய்தார். ஹாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மச்சானும் சிரித்தார். சிரித்த மனுஷன் அதன்பிறகு தங்கை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அதுவரை அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்தவர் அவர். மனைவி ஃபோன் செய்தால் வேலை இருக்கிறது என்பார். அவள் ஃபோனை வைத்துவிட்டுக் கணவனை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தாலே தேவலை என்று அவருக்கு இருக்கும்.

இதற்கு நடுவில் அவர்கள் வீட்டு ஹாலையும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. பழைய கூரைப் பூச்சு உதிர்ந்து சாப்பாட்டுத் தட்டில் விழ ஆரம்பித்திருந்தது. ஆட்கள் வந்து சட்டம் அடித்து, ஜிப்சம் போர்டை முடுக்கி, ஜாயின்ட்டுகளில் டேப் ஒட்டத் தொடங்கினார்கள். பூதக்கண்ணாடி கீழே நின்றுகொண்டு, டேப் கோணலாக இருந்த இடங்களைக் கையால் காட்டிக்கொண்டே இருந்தார். கை எட்டாத இடத்துக்குத் துடைப்பக் குச்சியின் நுனியில் ஸ்டிக்கரை வைத்து ஒட்டினார். சாப்பாட்டு நேரத்தில் வெளியே போன ஆட்கள் திரும்பி வரவே இல்லை. மேஸ்திரிக்கு ஃபோன் செய்தபோது, "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே சார், நீங்களே பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார்.

"பாத்தா போச்சு. பலகைக்கு நடுவுல பட்டி போடுறது ஒரு வேலையா?" என்று அன்றைக்குத்தான் மனைவியிடம் சொன்னார். சொன்ன வாய்க்குத்தான் இப்போது பதில் கிடைத்திருந்தது, சீலிங்கில் நீட்டிப் படுத்துக்கொண்டு.

"அண்ணன் நல்லா பேசுச்சா?" என்றார் ஏணியிலிருந்து இறங்காமலே.

"பேசுச்சு. 'மாப்ள சீலிங் வேலைய தானே பாக்குறாராமே, வந்து பாக்கணும்'னு சொல்லுச்சு."

பூதக்கண்ணாடிக்கு வியர்த்தது. மச்சான் சும்மா வரவில்லை. கணக்குத் தீர்க்க வருகிறார். தானே செய்த சீலிங், தானே பேசிய பேச்சு, ஞாயிற்றுக்கிழமை. அவர் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்வோம் என்று யோசித்துப் பார்த்தார். நாற்காலியைத் தேடி ஏறியிருப்போம் என்று தோன்றியது. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

மனைவி இறங்கிய குரலில் சொன்னாள். "இங்க பாருங்க. அது வர்றதே பெரிசு. இந்தத் தடவை ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா அப்புறம் எனக்குப் பொறந்த வீடே இல்லாமப் போயிடும்."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஹார்டுவேர் கடையில் நின்றார். கடைக்காரர் அவர் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"நீளவாட்டு ஜாயின்ட்டா, குறுக்கு ஜாயின்ட்டா?"

"குறுக்கு."

"அப்ப மேடு வரத்தான் செய்யும். பலகையோட நீள ஓரம் கொஞ்சம் சரிஞ்சிருக்கும் சார், அந்தப் பள்ளத்துல பட்டி போய் உக்காந்துக்கும். குறுக்கு ஓரம் அப்படியே வெட்டுன மாதிரி நிக்கும். அதுக்கு மேல டேப்பு, அதுக்கு மேல பட்டி. எங்க போகும்?"

"மேட்டு மேல இன்னும் கொஞ்சம் பூசித் தேய்ச்சா?"

"பூசிட்டீங்களா?"

"நேத்தே."

கடைக்காரர் ஆழமாக மூச்சு விட்டார். "மேட்டை இறக்க முடியாது சார். அதுக்கு ரெண்டு பக்கமும் பூசி, ஓரத்தை இழுத்து இழுத்து ஒண்ணுமில்லாம ஆக்கணும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அகலமா. அதுக்கு இந்தச் சின்னத் தகடு பத்தாது" என்று உள்ளே போய் முழம் நீளத்துக்கு ஒரு தகடை எடுத்து வந்தார்.

அன்று சாயங்காலம் பூதக்கண்ணாடி மேட்டின் இரண்டு பக்கமும் பூசினார். ஓரத்தை இழுத்தார். தகட்டின் நுனி அழுத்திய இடமெல்லாம் ஒரு கோடு விழுந்தது. கோட்டை மறைக்க மறுபடி பூசினார். அதற்கு வெளியே புதுக் கோடு விழுந்தது. அதையும் துரத்திக்கொண்டு போனார். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, ஒருவர் படுத்திருந்த இடத்தில் இப்போது குடும்பமே வரிசையாகப் படுத்திருந்தது.

"அது ஏன் முன்னைவிடப் பெரிசா இருக்கு?" என்றாள் மனைவி.

"அகலமாக்கியிருக்கேன். அகலமாக்குனா தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

"நீ பாக்காத."

மறுபடியும் கடை. இதைவிட அகலமான தகடு. பிறகு மறுபடியும் கடை. உப்புத்தாள், அதை மாட்டித் தேய்க்க நீளக் கழி, மூக்கை மூட ஒரு துணி. ஒருநாள் அவருக்குச் சந்தேகம் வந்து கேட்டே விட்டார்.

"நீங்க உங்க வீட்டு சீலிங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

"நானா?" என்றார் கடைக்காரர். "எங்க வீடு ஓட்டு வீடு சார். நான் கடைதான் வச்சிருக்கேன்."

உப்புத்தாள் போட்ட இடத்தில் வேறு கதை ஆரம்பித்தது. மேட்டைத் தேய்க்கிறேன் என்று தேய்த்ததில் உள்ளேயிருந்த டேப் கிழிந்து, பஞ்சு பஞ்சாகத் தொங்கியது. பள்ளம் தேயக் கூடாது, மேடுதான் தேய வேண்டும் என்று கழியிடம் சொல்லவா முடியும். வெள்ளைத் தூள் ஹாலில் தொடங்கி, படுக்கையறை வழியாகச் சமையலறைக்குப் போய், சர்க்கரை டப்பாவுக்குள்ளும் இறங்கியது. மனைவி டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"டீயில பட்டி போட்டிருக்கீங்க."

"சர்க்கரையா இருக்கும்."

"சர்க்கரைன்னா கரையும்."

அவள் எழுந்து போனாள். ஒரு துணியை நனைத்து எடுத்துவந்து, அண்ணன் உட்காரப்போகும் நாற்காலியை மட்டும் துடைத்து, அதன் மேல் ஒரு பழைய விரிப்பைப் போட்டு மூடினாள். மற்ற எல்லாச் சாமானும் வெள்ளையாக இருக்க, அந்த ஒரு நாற்காலிக்கு அவள் காவல் காப்பதைப் பார்த்தபோது பூதக்கண்ணாடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது தூளாலும் இருக்கலாம். ஆனால் தூள் மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

தொழிற்சாலையில் அன்றைக்கு ஒரு சட்டை வந்தது. காலர் ஒரு பக்கம் நூல் பிடித்து இழுத்தது போலக் கொஞ்சம் மேலேறியிருந்தது. வழக்கம் போல அவர் கை பைக்குப் போனது. ஸ்டிக்கரை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு அந்தக் காலரையே பார்த்தார். வளைந்து போகிற ஒன்றை நேராக்குவது என்றால் என்னவென்று அவருக்கு இப்போது தெரியும். ஸ்டிக்கரை மேசைக்கு அடியில் ஒட்டிவிட்டு, காலரைக் கட்டை விரலால் நீவி, சரி என்று அனுப்பிவிட்டார். அடுத்ததையும் அனுப்பினார்.

மத்தியானம் காலர் தைக்கும் அம்மா அவர் மேசை முன்னால் வந்து நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சார், நான் ஏதாவது பெரிய தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லையேம்மா."

"காலையில இருந்து ஒரு அம்புகூட வரலையே சார். என்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத் தைச்சிருக்கீங்க, அதான்."

அந்த அம்மா நம்பவில்லை. "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். தான் நல்ல வார்த்தை சொன்னால்கூட அடுத்தவருக்குப் பயம் வருகிறது என்பது பூதக்கண்ணாடிக்கு உறைத்தது. இத்தனை வருஷம் குறை கண்டுபிடித்த மனுஷனுக்கு, தன்னிடமே இவ்வளவு பெரிய குறை இருந்தது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று வெட்கப்பட்டு, அன்று முழுக்க அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கடைசி ஆயுதமாகப் பெயின்ட்டை எடுத்தார்.

"எல்லாத்தையும் மறைக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார் கடைக்காரரிடம். "இருக்குறதுலயே உசத்தி எதுவோ அது."

கடைக்காரர் இருப்பதிலேயே உசத்தியானதைக் கொடுத்தார். அது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வகை. அடித்து முடித்துக் காய்ந்ததும் சீலிங் மின்னியது. ஜன்னலின் வடிவம், அலமாரியின் மூலை, ஏணி, ஏணி மேல் வாயைப் பிளந்து நின்ற பூதக்கண்ணாடி எல்லாம் அதில் தெரிந்தன. ஒவ்வொரு மேட்டிலும் அவர் முகம் ஒருமுறை நீண்டு ஒருமுறை சப்பையானது. இதுவரை சாயங்காலத்தில் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது இனி எந்த நேரத்திலும் தெரியும். தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரர் நின்று, ஜன்னல் வழியாக மேலே பார்த்து, "டிசைனா சார்?" என்று கேட்டார்.

"ஆமா, டிசைன்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

சாத்தியபோதுதான் வழி புலப்பட்டது. வெளிச்சம் இருந்தால்தானே தெரியும். ஒரு கனமான கம்பளியை எடுத்து ஜன்னலை மூடி ஆணி அடித்தார். சீலிங்கை ஒட்டியிருந்த சுவர் விளக்குகளைக் கழற்றினார். மூலையில் தரையோடு இருக்கும் ஒரு குட்டி விளக்கை மட்டும் போட்டுப் பார்த்தார். மேடு தெரியவில்லை. சீலிங்கே தெரியவில்லை. எதிரே நின்ற மனைவியும் சரியாகத் தெரியவில்லை.

"பட்டப்பகல்ல குகை மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்களே, அண்ணன் கேட்டா என்ன சொல்றது?" என்றாள் இருட்டிலிருந்து.

"எனக்குக் கண்ணு வலின்னு சொல்லு. வெளிச்சம் பட்டா எரியுதுன்னு."

"அப்ப கருப்புக் கண்ணாடியும் போட்டுக்கங்க. பொய் சொன்னா முழுசாச் சொல்லணும்."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். அவர் போட்டுக்கொண்டார்.

மத்தியானமே வந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்படி மச்சானிடம் மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது, மச்சான் வரவில்லை. சமைத்தது ஆறியது. வெயில் மேற்கே சாய்ந்து, கம்பளியின் ஓரங்களில் நெருப்புக்கோடு போல எரிய ஆரம்பித்த நேரத்தில்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"மன்னிச்சுக்கம்மா, வழியில ஒரு இடத்துக்குப் போயிட்டு வர நேரமாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே மச்சானின் மனைவி முதலில் வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. பின்னாலேயே மச்சான் வந்தார். தலை குனிந்திருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. படியைப் பார்த்துக்கொண்டே ஏறி, தரையைப் பார்த்துக்கொண்டே ஹாலுக்குள் வந்தார்.

"வாங்க மச்சான்" என்றார் பூதக்கண்ணாடி, கருப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து.

"வந்தேன் மாப்ள" என்றார் மச்சான் தரையிடம்.

அவ்வளவுதான். முகத்தைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் வாசலிலேயே தோளில் ஓங்கித் தட்டுகிற மனுஷன். துடைத்து வைத்திருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள். எப்போதும் செம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்கிறவர், இன்றைக்கு விளிம்பில் உதட்டை வைத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். இந்த வீட்டுத் தண்ணீர்கூட அவருக்கு இறங்கவில்லை என்று பூதக்கண்ணாடி நினைத்துக்கொண்டார்.

"ஏன் இருட்டா இருக்கு?" என்றார் மச்சானின் மனைவி.

"அவருக்குக் கண்ணு வலி அண்ணி. வெளிச்சம் ஆகாது" என்றாள் மனைவி. அவளுக்குப் பொய் சரியாக வராது. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது.

"அடடா. எப்ப இருந்து?"

"நேத்து பெயின்ட் அடிச்சதுல இருந்து" என்றார் பூதக்கண்ணாடி, யோசிக்காமல். மனைவி அவர் காலை மிதித்தாள்.

பெயின்ட் என்ற வார்த்தை ஹாலில் விழுந்துவிட்டது. மச்சான் இப்போது மேலே பார்ப்பார் என்று பூதக்கண்ணாடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். மச்சான் பார்க்கவில்லை. குனிந்தபடியே, "தரை நல்லா இருக்கு" என்றார்.

"அது பழைய தரைதான் அண்ணா" என்றாள் தங்கை.

"ஓ. நல்லா இருக்கு."

மச்சானின் மனைவி கணவனை ஒருமுறை பார்த்தார். "தம்பி, உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"இரு. அதுக்கு என்ன அவசரம்?" என்று மச்சான் தடுத்தார்.

பூதக்கண்ணாடிக்கு அந்த விஷயம் என்னவென்று தெரியும். அன்று சிரித்த அத்தனை பேருடைய சிரிப்பும் அவர் காதில் கேட்டது. அப்போது இனித்த சத்தம் இப்போது காதைப் பிடித்துத் திருகியது. நாற்காலியின் நுனியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

"இப்படி மூடி வச்சா கண்ணு இன்னும்தான் எரியும் தம்பி. கொஞ்சம் காத்தாவது வரட்டும்" என்று மச்சானின் மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"வேணாம்க்கா" என்று பூதக்கண்ணாடி எழுவதற்குள், அவர் கம்பளியின் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். லேசாகத்தான் இழுத்தார். பட்டி போட்ட கைதான் ஆணியும் அடித்திருந்தது. அத்தனை ஆணியும் பொலபொலவென்று உதிர, கம்பளி மொத்தமாகக் கீழே விழுந்தது.

சாயங்கால வெளிச்சம் உள்ளே பாய்ந்து நேராக சீலிங்குக்குப் போனது. பளபளப்பு பற்றிக்கொண்டது. மேடு, மேட்டுக்கு இரண்டு பக்கமும் மேடு, தகடு இழுத்த கோடு, கோட்டைத் துரத்திய கோடு, டேப் கிழிந்து ஒட்டுப்போட்ட இடம், ஒன்று பாக்கியில்லை. மச்சானின் மனைவி வாயைத் திறந்தபடி மேலே பார்த்தார். மனைவி மேலே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மச்சான் மட்டும் பார்க்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே, தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூதக்கண்ணாடிக்கு அதுதான் தாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். விழுந்து விழுந்து சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஊர் முன்னால் தன்னை அவமானப்படுத்தியவன் இப்போது வகையாக மாட்டிக்கொண்டு நிற்கும்போது, அவனைப் பார்க்கக்கூட மாட்டேன் என்று ஒரு மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பெருந்தன்மை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது என்று அவருக்குத் தோன்றியது. கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியை விட்டு இறங்கி, மச்சானின் பார்வை விழுகிற இடமாகப் பார்த்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"மச்சான், மேல பாருங்க."

"விடுங்க மாப்ள."

"இல்ல, நீங்க பாக்கணும். நான் பண்ணுன லட்சணம் அங்க இருக்கு. எனக்குக் கண்ணு வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இதை மறைக்கத்தான் ஜன்னல்ல ஆணி அடிச்சேன்."

"பரவால்ல மாப்ள. எழுந்திரிங்க."

"பரவால்லன்னு சொல்லாதீங்க. அன்னைக்கு உங்க வீட்ல, அத்தனை பேரு முன்னாடி நான் பண்ணது... ஆசையாக் கட்டுன வீடு. அதுல நான் அம்பு ஒட்டிக்கிட்டு நின்னேன். அந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு எனக்கு அப்பத் தெரியாது மச்சான். தெரியாதவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். தெரிஞ்சிருந்தா இன்னும் இறுக்கி மூடியிருக்கணும்." அவர் மனைவியைக் காட்டினார். "இவ ஒவ்வொரு வாரமும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. என்னாலதான் நீங்க வரலன்னு எனக்குத் தெரியும். வெக்கமா இருக்கு மச்சான். ஒரே ஒரு தடவை நிமிந்து பாத்துட்டு, மனசு விட்டுச் சிரிங்க. அப்பதான் எனக்குச் சோறு இறங்கும்."

மனைவி கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து இப்படி ஒன்றை அவள் கேட்டதில்லை.

மச்சானின் காது சிவந்தது. அப்போதும் நிமிரவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே உடம்பை முழுசாகத் தன் மனைவி பக்கம் திருப்பினார். அசட்டுச் சிரிப்பு ஒன்று அவர் உதட்டில் வந்து பாதியில் நின்றது. "நீயே சொல்லிடு" என்றார் முணுமுணுப்பாக.

மச்சானின் மனைவி அந்தப் பளபளக்கும் சீலிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்தார்.

"அவரால நிமிர முடியாது தம்பி. நீங்க அம்பு ஒட்டிட்டுப் போன மறுநாள் ஏணியில ஏறுனவரு, பூசுறதும் தேய்க்கிறதுமாவே இருந்து கழுத்து அப்படியே பிடிச்சுக்கிச்சு, இப்பகூட டாக்டர் வீட்ல இருந்துதான் வர்றோம். எவ்வளவு பூசியும் அந்த மேடு போகல, அதை எப்படி இறக்குறதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்னு, உங்ககிட்ட கேட்டுக்கிட்டுப் போகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."